கிணறும் குவளையும் சட்டமும்

கந்தூரி விழாவில் நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்குச் சந்தனக்கூடு புறப்படும் இரவில், அந்தச் சாலையில் கூட நடப்பவரின் மதம் என்ன, சாதி என்ன என்று யாரும் கேட்பதில்லை. நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப்சிங். சாகுல் ஹமீது ஆண்டகையின் அடக்கத்தலத்துக்கு வரும் இந்துக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு இங்கே மொட்டை போடுகின்றன. நோய் தீர்ந்தால் கை, கால், கண் வடிவத்தில் தகடு வாங்கிச் செலுத்துகின்றன. கடல் தாண்டிப் பிழைக்கப் போன தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இதே பெயரில் நினைவுத் தலங்களை எழுப்பினார்கள். எந்தச் சட்டமும் கட்டளையிட்டு வந்த பழக்கம் இல்லை இது. தலைமுறை தலைமுறையாக மக்கள் தாங்களே வளர்த்துக்கொண்டது.

ஆனால் நாகூரும் வெறுப்பின் கைக்கு எட்டாத ஊர் அல்ல. 1995 ஜூலையில் இந்து முன்னணிப் பிரமுகர் ஒருவர் வீட்டுக்கு வந்த பார்சலில் இருந்த குண்டு வெடித்து அவருடைய மனைவி உயிரிழந்தார். அந்த வழக்கில் தேடப்பட்டவர் முப்பது ஆண்டு தலைமறைவுக்குப் பிறகு 2025 ஜூலையில்தான் ஆந்திரத்தில் பிடிபட்டார். அதே நாகை மாவட்டத்தில் கடற்கரையை விட்டு வயல்வெளிக்குள் திரும்பினால் கீழ்வேளூர் வட்டத்தில் கீழவெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு அங்கே 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அத்தனை பேரும் தலித் விவசாயக் கூலிக் குடும்பத்தினர்.

மக்கள் தாமாகவே ஒன்றுகூடும் தலமும் மக்களை உயிரோடு கொளுத்திய இடமும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. நல்லிணக்கத்தை மக்களின் நல்ல மனத்துக்கே விட்டுவிட்டால் போதாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. அப்படியானால் சட்டம் இயற்றும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் வெறுப்புக்கு எதிராக என்னதான் செய்ய முடியும்? யூத வெறுப்பைத் தடுக்க அமெரிக்க, ஐரோப்பிய நாடாளுமன்றங்களில் உறுப்பினர்கள் தீர்மானங்களும் மசோதாக்களும் கொண்டுவரும்போது அங்கேயும் இதே கேள்விதான் எழுகிறது. தமிழ்நாட்டின் நூறாண்டு அனுபவம் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதிலுக்கு உரியவர்கள் பெரும்பாலும் சேரியிலிருந்து சட்டசபைக்குப் போனவர்கள்.

இந்தியாவில் வெறுப்புக்கு எதிரான சட்டங்கள் இரண்டு வழிகளில் வளர்ந்தன. ஒன்று, மனம் புண்படுவதைத் தடுக்க நினைத்த வழி. இன்னொன்று, கிணற்றையும் தெருவையும் குவளையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட வழி.

முதல் வழியைப் போட்டது ஆங்கில அரசு. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 153-ஏ பிரிவு 1898-ல் சேர்க்கப்பட்டது. வகுப்புகளிடையே பகையை வளர்ப்பது குற்றம் என்றது அது. 1920-களில் லாகூரில் ராஜ்பால் என்ற பதிப்பாளர் வெளியிட்ட ஒரு துண்டுநூல் நபிகளை இழிவுபடுத்துவதாக வழக்கு வந்தது. 153-ஏ அதற்குப் பொருந்தாது என்று லாகூர் உயர்நீதிமன்றம் 1927-ல் அவரை விடுவித்தது. வீதிகளில் கொந்தளிப்பு ஏற்பட, அதே ஆண்டு மத்திய சட்டசபை 295-ஏ பிரிவை நிறைவேற்றியது. மத உணர்வைப் புண்படுத்துவது, அதுவும் வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு செய்தால், இனி குற்றம். நேர்மையான ஆராய்ச்சியாளருக்கும் சீர்திருத்தக்காரருக்கும் இது தடையாகிவிடக் கூடாது என்று அந்த விவாதத்தில் எச்சரித்தவர்களில் முகமது அலி ஜின்னாவும் ஒருவர். சட்டம் வந்து இரண்டு ஆண்டுகள் கூட ஆகவில்லை, 1929 ஏப்ரலில் ராஜ்பால் தன் கடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தான் இந்தப் பிரிவோடு 295-பி, 295-சி என்று சேர்த்துக்கொண்டே போய், 1986-ல் மரண தண்டனை வரை கொண்டு நிறுத்தியது.

தமிழ்நாட்டில் இந்த வழி எங்கே கொண்டுவிட்டது? 1953-ல் பெரியார் திருச்சியில் பிள்ளையார் சிலையை உடைத்தபோது வீரபத்திரன் செட்டியார் என்பவர் வழக்குப் போட்டார். 1958-ல் உச்சநீதிமன்றம், மக்கள் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று விரிவாகப் பொருள் சொல்லிவிட்டு, காலம் கடந்துவிட்டதால் வழக்கை மேற்கொண்டு நடத்தவில்லை. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் மீது 2014 இறுதியில் கிளம்பிய கிளர்ச்சி புண்பட்ட மனத்தின் பெயரால்தான் நடந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்ற பிறகே அவர் மறுபடியும் எழுத வந்தார். யாருடைய மனம் புண்பட்டது என்பதைச் சத்தம் போடுபவரே முடிவு செய்யும் நிலை வந்துவிட்டால், கூட்டம் சேர்க்க வலு உள்ளவருக்கே சட்டம் ஆயுதமாகிறது. தன் பெயரைச் சொல்லித் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு தெருவோரம் ஒதுங்கி நிற்கும் கூலிக்காரரின் புண்பட்ட மனத்துக்காக 153-ஏ எத்தனை முறை எழுந்து நின்றது?

இரண்டாவது வழி சென்னைச் சட்டசபையில் தொடங்கியது. 1923-ல் அந்தச் சபைக்கு நியமிக்கப்பட்ட இரட்டைமலை சீனிவாசன், அடுத்த ஆண்டே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதையும் எந்த வகுப்பினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். மனம், உணர்வு, நல்லிணக்கம் என்ற சொற்களே அதில் தேவைப்படவில்லை. கால் நடக்கும் இடமும் வாய் குடிக்கும் தண்ணீரும் போதுமாக இருந்தது. அரசு அதை ஏற்று உத்தரவாக வெளியிட்டது.

உத்தரவு இருந்தது, தண்டனை இல்லை. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பாலக்காட்டில், கல்பாத்தி அக்ரகாரத் தெருக்களுக்குள் அந்த உத்தரவை நம்பி நடந்த ஈழவர்கள் அடிவாங்கினார்கள். உரிமையைச் சொன்ன அரசாங்கம் அதைப் பிடுங்கியவரை என்ன செய்வது என்று சொல்லவில்லை. அந்த ஓட்டையை அடைக்க முனைந்தவர் எம்.சி. ராஜா. 1938-ல் அவர் கொண்டுவந்த சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டம், பொது நீர்நிலை, சாலை, வண்டி, நிறுவனம் எதிலும் ஒருவரைச் சாதி காரணமாகத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. வழக்கம் என்ற பெயரில் வந்த தடைக்கு நீதிமன்றம் இனி துணை நிற்க முடியாது என்றும் வைத்தது. அதே ஆண்டு ராஜா முன்வைத்த ஆலயப் பிரவேச மசோதாவுக்கு ராஜாஜி அமைச்சரவை வழிவிடவில்லை. ராஜா மனம் கசந்து காந்திக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் நடந்த நுழைவுக்குப் பிறகு ராஜாஜியே பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கதவும் அந்த 1939-ல்தான் அனைவருக்கும் திறந்தது.

அரசியல் நிர்ணய சபை 1948 நவம்பர் 29 அன்று தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை ஏற்றது. இப்போது அது 17-ஆம் பிரிவு. அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண் தாட்சாயணி வேலாயுதன், சென்னை மாகாணத்திலிருந்து தேர்வானவர். அதைச் செயலாக்க நாடாளுமன்றம் 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டத்தை இயற்றியது. ஆறு மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம், அதிகபட்சம் இரண்டும். ஆனால் இரு தரப்பும் சமாதானமாகப் போய்விடலாம் என்றும் அதில் ஒரு வழி இருந்தது. பண்ணையாரும் அவரிடம் கூலி வாங்கும் ஆளும் சமாதானமாகப் போவது என்றால் டெல்டா கிராமத்தில் என்ன பொருள்? மறுநாள் நடவுக்கு வேலை வேண்டுமென்றால் புகாரை வாபஸ் வாங்கு என்பதுதான்.

இந்தச் சட்டம் தரையில் எப்படி நடக்கிறது என்று பார்க்க 1965-ல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர் எல். இளையபெருமாள்.

வீராணம் ஏரிக்கரைப் பகுதியான காட்டுமன்னார்கோயிலில் 1924-ல் பிறந்தவர். பள்ளியில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையைப் போட்டு உடைத்தார், திரும்ப வைத்தபோது திரும்பவும் உடைத்தார், கடைசியில் எல்லாருக்கும் ஒரே பானை என்றானது என்று அவரைப் பற்றி அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். 1952-ன் முதல் பொதுத்தேர்தலிலேயே காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குப் போனார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஊர்க்காரர்கள் பிணம் விழுந்தால் பறையடிக்கவும் செத்த மாட்டைத் தூக்கவும் சேரிக்காரர்களைக் கட்டாயப்படுத்துவதை எதிர்த்து அவர் கடலூர், சிதம்பரம் பகுதிகளில் இயக்கம் நடத்தினார். எம்.பி. பதவிக்கு வந்த பிறகு சேரியை மறந்தவர்கள் வரிசையில் அவரைச் சேர்க்க முடியாது.

குழு நாடு முழுக்கச் சுற்றியது. டீக்கடையில் தனிக் குவளை, முடிதிருத்தும் கடையில் அனுமதி மறுப்பு, கிணற்றடியில் காத்து நிற்கும் பெண்கள், கோயில் வாசலோடு நிறுத்தப்படும் பக்தர்கள் என்று ஒவ்வொன்றையும் பதிவு செய்தது. 1955 சட்டத்தின் கீழ் போன வழக்குகள் எப்படிச் சமாதானத்திலும் விடுதலையிலும் சில்லறை அபராதத்திலும் கரைந்துபோகின்றன என்று காட்டியது. குழு வேலை செய்துகொண்டிருந்த காலத்திலேயே, 1968 பிப்ரவரியில், ஆந்திரத்தின் கஞ்சிகசெர்லாவில் திருட்டுப் பட்டம் கட்டி ஒரு தலித் இளைஞரை எரித்துக் கொன்றார்கள். ஆண்டு முடிவதற்குள் கீழவெண்மணி. 1969 தொடக்கத்தில் இளையபெருமாள் அறிக்கையைக் கொடுத்தார்.

அந்த அறிக்கையின் பலன் இரண்டு திசையில் பாய்ந்தது. பரம்பரை அர்ச்சகர் முறை தீண்டாமைக்கு வேர் என்றும் அதை ஒழிக்க வேண்டும் என்றும் அது சொன்னது. அதை ஒட்டித் தமிழக அரசு 1970-ல் இந்து அறநிலையச் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தை எதிர்த்து வந்த சேஷம்மாள் வழக்கில் 1972-ல் தீர்ப்புச் சொன்ன உச்சநீதிமன்றமும் இளையபெருமாள் குழுவைக் குறிப்பிட்டது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகும் இன்றைய போராட்டத்தின் ஒரு நுனி காட்டுமன்னார்கோயில்காரரின் அறிக்கையில் இருக்கிறது. இன்னொரு திசை, 1955 சட்டத்தைச் செதுக்கியது. 1972-ல் மசோதா வந்து, கூட்டுக்குழுவில் கிடந்து, 1976-ல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமாக வெளிவந்தது. சமாதான வழி அடைபட்டது. குறைந்தபட்சத் தண்டனை வந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, இந்தக் குற்றத்தை விசாரிக்காமல் வேண்டுமென்றே அலட்சியம் செய்யும் அரசு ஊழியரும் குற்றத்துக்கு உடந்தை என்று எழுதப்பட்டது. இந்திய வெறுப்புச் சட்டங்களின் வரலாற்றிலேயே பெரிய வரி என்று அதைத்தான் சொல்ல வேண்டும். அடித்தவரோடு, பார்த்துக்கொண்டு நின்ற காவல் நிலையமும் முதன்முறையாகக் கேள்விக்குள் வந்தது.

கீழவெண்மணிக்கு இவையெல்லாம் பின்னால் வந்தவை. அரைப்படி நெல் கூலி உயர்வும் செங்கொடியுமே அங்கே பகைக்கு ஆரம்பம். நிலச்சுவான்தார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்து எதிர்த்தார்கள், வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். கூலித் தகராறு என்று மட்டும் சொல்லிவிட்டால், குழந்தைகளும் உள்ளே இருக்கும் குடிசைக்கு ஏன் தீ வைத்தார்கள் என்பதற்கு விளக்கம் கிடைக்காது. சாதி வெறுப்பு என்று மட்டும் சொன்னால், அந்த அரைப்படி நெல் காணாமல் போகும். வெறுப்பும் வயிற்றுப் பிழைப்பும் டெல்டாவில் ஒரே கயிற்றின் இரண்டு புரிகள். நாகப்பட்டினம் நீதிமன்றம் நில உரிமையாளர்கள் சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பாணியில் அந்தத் தீர்ப்பின் நியாயம் ஓடியது. 44 பேரின் சாவுக்கு அந்தக் குற்றவியல் சட்டத்தால் ஒருவரைக் கூட நிறுத்தி வைக்க முடியவில்லை. கூலிப் பிரச்சினையை ஆராய கணபதியா பிள்ளை ஆணையமும் 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும் வந்தன. கொலைக்கு நியாயம் வரவில்லை.

1989-ன் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அந்த வகையான தோல்விகளிலிருந்து பிறந்தது. 1990 ஜனவரி 30-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் உள்ளே போய்ப் படித்தால், இயற்றியவர்கள் கிராமத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பது தெரியும். அருவருப்பான பொருளைத் தின்ன வைப்பது, வீட்டு வாசலில் மலத்தையும் செத்த விலங்கையும் கொட்டுவது, ஆடையைக் களைந்து ஊர்வலம் விடுவது, நிலத்தைப் பறிப்பது, குடிநீரைக் கெடுப்பது, வீட்டை விட்டு விரட்டுவது என்று ஒவ்வொரு கொடுமையும் தன் சொந்தப் பெயரோடு நிற்கிறது. கடமை தவறும் அதிகாரிக்கு நான்காவது பிரிவு. 2015 திருத்தம் செருப்பு மாலை போடுவது, மொட்டையடித்து மீசையை மழிப்பது, ஊர்விலக்கம், தேர்தலில் நிற்கவிடாமல் தடுப்பது ஆகியவற்றையும் சேர்த்தது. குற்றப்பத்திரிகை வந்து இரண்டு மாதத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்றது. 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் கைதுக்கு முன் அனுமதி வேண்டும் என்று சட்டத்தைத் தளர்த்தியபோது நாடே கொதித்தது. சில மாதங்களில் நாடாளுமன்றம் 18-ஏ பிரிவைச் சேர்த்துப் பழைய நிலையை மீட்டது. 2020-ல் அது செல்லும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது.

உலகத்தின் வேறு மூலைகளிலும் இதே இரண்டு வழிகள் உண்டு. கல்கத்தாவில் 1888-ல் பிறந்த ஃபென்னர் பிராக்வே, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இனப் பாகுபாட்டுக்கு எதிரான தனிநபர் மசோதாவை ஒன்பது முறை கொண்டுவந்தார். ஒன்பது முறையும் அது நிறைவேறவில்லை. 1964 தேர்தலில் அவர் தொகுதியையும் இழந்தார். அடுத்த ஆண்டு அரசாங்கமே இன உறவுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஓட்டல், மதுக்கடை, திரையரங்கு, பேருந்து இவற்றில் கறுப்பரையும் ஆசியரையும் ஒதுக்கக் கூடாது என்ற பகுதி பின்னாளில் வீட்டுக்கும் வேலைக்கும் விரிந்தது. ஆனால் அதே சட்டத்தில் இன வெறுப்பைத் தூண்டிப் பேசுவது குற்றம் என்ற பகுதியும் இருந்தது. 1967-ல் அதன் கீழ் நாஜி ஆதரவாளர் கோலின் ஜோர்டன் சிறைக்குப் போனார். அதே ஆண்டு, வெள்ளையர் ஒடுக்குமுறையைக் கடுமையாகத் தாக்கிப் பேசிய கறுப்பினத் தலைவர் மைக்கேல் எக்ஸும் ஓராண்டுச் சிறைக்குப் போனார். யாரைக் காக்க எழுதினார்களோ அவர்கள் பக்கமே சட்டம் திரும்பியது.

ஜெர்மனியில் 1959 கிறிஸ்துமஸ் இரவில் கொலோன் நகரின் யூத ஆலயச் சுவரில் ஸ்வஸ்திகா வரையப்பட்டது. அதைத் தொடர்ந்து நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் அதேபோன்ற செயல்கள். 1960-ல் ஜெர்மன் நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தின் 130-ஆம் பிரிவை மாற்றி எழுதி, மக்களில் ஒரு பகுதியின் மனித கண்ணியத்தைத் தாக்குவது குற்றம் என்று ஆக்கியது. பொது அமைதி கெடுவதை மட்டும் பார்க்காமல் தாக்கப்பட்டவரின் கண்ணியத்தைப் பார்த்தது அந்த மாற்றம். இந்தியாவின் 153-ஏ கடைசிவரை அமைதியைப் பற்றியே கவலைப்பட்டது.

யூதர்களைப் பொறுத்தவரை இந்திய மண்ணில் ஐரோப்பாவைப் போன்ற துரத்தலும் கொலைவெறியும் வேரூன்றவில்லை. பவளமும் வைரமும் வாங்கி விற்க 17-ஆம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்த யூத வணிகர்களை நினைவூட்டியபடி ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இருக்கிறது. 2008 நவம்பரில் மும்பை நாரிமன் இல்லத்தில் யூதர்களைத் தேடிக் கொன்றது எல்லை கடந்து வந்த பயங்கரம். ஆனால் கொச்சியில் யூத சமூகத்துக்குள்ளேயே ஒரு தீண்டாமை இருந்தது. 1568-ல் கட்டிய மட்டாஞ்சேரி பரதேசி யூத ஆலயத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குச் சரிசமமாக உட்காரவும் மறைநூலை வாசிக்கவும் உரிமை கிடையாது. அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்த ஏ.பி. சேலம் சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். 1925 முதல் 1931 வரையிலும், பிறகு 1939 முதல் 1945 வரையிலும் கொச்சி சட்டசபை உறுப்பினராக இருந்தார். காந்தியின் வழியில் தன் சொந்த ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். வெளியே எல்லாருக்கும் சட்டம் இயற்றும் மனிதருக்கு உள்ளே இருக்கை இல்லை. கட்டுப்பாடுகள் மெல்லத் தளர்ந்தன. 1950-ல் அவர் மகன் 'வெள்ளை' யூதக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது எழுந்த எதிர்ப்பு, எவ்வளவு மெல்லத் தளர்ந்தன என்பதைக் காட்டியது. உலகெங்கும் வெறுக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டமும் சாதியின் ஊருக்குள் வந்தால் சாதியைக் கற்றுக்கொள்ளும் என்பது வேதனையான உண்மை.

பேச்சைத் தண்டிக்கும் சட்டங்கள் இப்போது மறுபடியும் வரிசையில் நிற்கின்றன. 2017 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 267-ஆவது அறிக்கையில் வெறுப்புப் பேச்சுக்குத் தனிப் பிரிவுகள் வேண்டும் என்றது. புகார் வரக் காத்திராமல் காவல்துறை தானே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2022 அக்டோபரில் மூன்று இடங்களுக்கும் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது பழைய 153-ஏ 196 ஆகவும் 295-ஏ 299 ஆகவும் எண் மாறின, உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. 2025 டிசம்பரில் கர்நாடகச் சட்டசபை வெறுப்புப் பேச்சுக்கும் வெறுப்புக் குற்றத்துக்கும் தனி மசோதா நிறைவேற்றியது.

நோக்கம் நல்லது. 1997 நவம்பரில் கோவையில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த கலவரத்தையும், 1998 பிப்ரவரி 14-ன் தொடர் குண்டுவெடிப்பில் போன 58 உயிர்களையும் பார்த்த மாநிலம், பேச்சு கொலையாகும் தூரம் எவ்வளவு குறைவு என்பதை அறியும். ஆனால் இலங்கையைப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். அங்கே குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் பெயரில் வந்த 2007-ன் ஐசிசிபிஆர் சட்டம், மத வெறுப்பைத் தூண்டுவதைக் கடுமையான குற்றமாக்கியது. 2014-ல் அளுத்கமவிலும் 2018-ல் திகணவிலும் முஸ்லிம்களின் வீடும் கடையும் எரிந்தபோது தூண்டிவிட்ட பெரிய மனிதர்களை அது பெரிதாகத் தொடவில்லை. 2019-ல் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை ஒரு சிறுகதைக்காக நான்கு மாதத்துக்கு மேல் சிறையில் வைத்தது. 2020-ல் முகநூலில் வெறுப்புக்கு எதிராக எழுதிய ஒரு முஸ்லிம் எழுத்தாளரையும் பல மாதம் உள்ளே தள்ளியது. எழுத்து விசாலமாக இருந்தால் அதை யார் மீது பாய்ச்சுவது என்பதைக் காவல் நிலையம் தீர்மானிக்கும்.

கிணறு, குவளை வழியிலும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. தேசியக் குற்றப் பதிவகத்தின் கணக்கில் 2022-ல் மட்டும் பட்டியல் சாதியினர் மீதான குற்றங்கள் 57,582. அந்த ஆண்டு டிசம்பரில்தான் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குடிநீரைக் கெடுப்பது என்ன குற்றம் என்று சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருந்தும், குற்றப்பத்திரிகை வர 2025 ஜனவரி ஆனது. அதிலும் அதே தலித் சமூகத்து மூவரே குற்றம் சாட்டப்பட்டார்கள். பாதிக்கப்பட்ட மக்கள் அதை ஏற்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் சக மாணவர்கள். அதற்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு, நெற்றியில் வைக்கும் சாதி அடையாளம், பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதி என்று தொட்டுக் காட்டக்கூடிய பொருள்களில் அந்தக் குழுவும் கை வைத்தது. இளையபெருமாள் குழு டீக்கடைக் குவளையைப் பார்த்த அதே கண்.

சட்டம் தோற்கும் இடம் பெரும்பாலும் காவல் நிலையத்தின் முதல் நாள்தான். புகார் வாங்காமல் இழுப்பது, வன்கொடுமைப் பிரிவைப் போடாமல் சாதாரண அடிதடியாக எழுதுவது, எதிர்ப்புகார் வாங்கி இரண்டையும் சமப்படுத்துவது. நான்காவது பிரிவு இருந்தும் அதன் கீழ் அதிகாரிகள் நீதிமன்றப் படியேறும் வழக்குகள் அரிது. 1976-ல் இளையபெருமாளின் உழைப்பால் கிடைத்த அந்தப் பெரிய வரிதான் இன்றும் அதிகம் கண்டுகொள்ளப்படாத வரி.

இப்போது தமிழ்நாட்டுக்கு அதைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில் பட்டப்பகலில் பேருந்து நிலையம் அருகே நடந்த கொலை முதல் 2025 ஜூலையில் திருநெல்வேலியில் இளம் ஐ.டி. ஊழியர் ஒருவர் வெட்டப்பட்டது வரை, சாதி மாறிய காதலுக்கு விழும் கொலைகள் நிற்கவில்லை. டெல்டாவும் இந்தப் பழியிலிருந்து தப்பவில்லை. 2012-ல் சட்ட ஆணையம் தன் 242-ஆவது அறிக்கையில் இதற்குத் தனிச் சட்டம் கேட்டது. 2016-ல் சென்னை உயர்நீதிமன்றமும் 2018-ல் சக்திவாகினி வழக்கில் உச்சநீதிமன்றமும் மாவட்டந்தோறும் தனிப் பிரிவு, பாதுகாப்பு இல்லம், உடனடி வழக்கு என்று வரிசையாக உத்தரவிட்டன. 2025 அக்டோபரில் தமிழக அரசு, ஆணவக் கொலைத் தடுப்புச் சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது.

அந்த மசோதா சட்டமன்றத்துக்கு வரும்போது உறுப்பினர்கள் அதன் முன்னுரையில் இருக்கும் சமூகநீதிப் பெருமிதத்தை விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். ஓடிவந்த இளம் தம்பதி இரவு பத்து மணிக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும், அங்கிருந்து அவர்களைப் பெற்றோரிடம் 'பேசித் தீர்க்க' அனுப்பிவைத்த ஆய்வாளருக்கு என்ன தண்டனை, கட்டப்பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தவர்கள் எந்தப் பிரிவில் வருவார்கள், பாதுகாப்பு இல்லத்துக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் எந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையிலிருந்து பணம் வரும் என்று ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் திருத்தம் கொடுக்க வேண்டும். நாகை, மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களிலிருந்து போகும் உறுப்பினர்களுக்கு அந்த வேலை மற்றவர்களைவிட அதிகம் உண்டு.